பாதி விலை

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எனக்கு ஒரு தேதி தேவைப்பட்டது. 1836-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக்கு வெளியே இரண்டு பத்திராதிபர்கள் கைத்துப்பாக்கிகளுடன் எதிரும் புதிருமாக நின்று துவந்த யுத்தம் செய்தார்கள். ஒருவர் இறந்து போனார். மாதம் ஜூலை என்பது நினைவில் இருந்தது; தேதி மறந்துவிட்டது. அலமாரியில் புத்தகம் இருக்கிறது. ஆனால் எழுந்து போய், நாற்காலியில் ஏறி, அதை எடுப்பதற்கு என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கையிலேயே செல்போன் இருக்கும்போது நாற்காலி எதற்கு என்று இணையத்தில் தேடினேன்.

பக்கம் திறந்தது. திறந்தது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். முதலில் தலைப்பு வந்தது. படிக்க ஆரம்பித்தேன்; தலைப்பு கீழே ஓடிப் போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு செருப்பு விளம்பரம் வந்து உட்கார்ந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வரி சரித்திரம். அப்புறம் ஒரு மோட்டார் கார். மூன்று வரி சரித்திரம். அப்புறம் ஓர் அடுக்குமாடி வீடு. திரையின் அடியில் ஒரு சலனப்படம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து அழுத்தினால், அது மூடுவதற்குப் பதிலாக என்னைக் கடைக்கு அழைத்துப் போயிற்று. ஒருவாறு தப்பித்துத் திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தின் நட்ட நடுவில் முழங்கால் வலித் தைலம்!

இதுவரை சிரிப்பாக இருந்த விஷயம் இப்போது சிரிப்பாக இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு இதே செல்போனில் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ படித்திருந்தேன். வீட்டில்கூட அந்த வலியைப் பற்றி நான் அதிகமாகப் பிரஸ்தாபித்தது கிடையாது. பாரிஸ் சரித்திரம் எழுதுகிறவனுக்கு அது எப்படித் தெரிந்தது?

ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்ன பெரியப்பா, இதை இப்படியேவா படிக்கிறீங்க?"

"வேறே எப்படிப் படிக்கிறது?"

அவன் செல்போனை வாங்கி இரண்டு நிமிஷம் ஏதோ செய்தான். "விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கேன். இப்போ பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

பார்த்தேன். அதே பக்கம்தான். ஆனால் கல்யாண வீட்டில் கூட்டம் எல்லாம் போன பிறகு பெருக்கி மெழுகிவிட்ட கூடம் மாதிரி இருந்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, நடுவில் ஓடாமல் ஆடாமல் ஒரு தேதி: ஜூலை 22.

தேதி கிடைத்துவிட்டது, தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அந்த இரண்டு பத்திராதிபர்களும் துப்பாக்கி எடுத்ததற்கு மூல காரணமே பத்திரிகை விளம்பரந்தான். விளம்பரத்தால் விளைந்த சண்டையின் கதையை விளம்பரம் வராமல் தடுத்துவிட்டுப் படித்திருக்கிறேன்! இதில் நியாயம் யார் பக்கம் என்ற யோசனை வந்துவிட்டது. அதற்கு அந்தச் சண்டையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

1836-க்கு முன்பு பாரிஸ் நகரத்துத் தினசரிப் பத்திரிகைகளுக்கு வருஷச் சந்தா 80 பிராங்க். ஒரு தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி. ஆகையால் பத்திரிகை என்பது பணக்காரர் வீட்டுக்குப் போகிற வஸ்து. மற்றவர்கள் காப்பிக் கடையிலோ, கட்டணம் வாங்கும் வாசகசாலையிலோ உட்கார்ந்து படித்துவிட்டு வருவார்கள்.

எமில் த ஜிரார்தன் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். சந்தாவைப் பாதியாக, 40 பிராங்காகக் குறைத்துவிட வேண்டியது. விலை குறைந்தால் வாசகர்கள் பெருகுவார்கள். வாசகர்கள் பெருகினால் விளம்பரக்காரர்கள் ஓடி வருவார்கள். சந்தாவில் விழுந்த பள்ளத்தை விளம்பரப் பணம் நிரப்பிவிடும். 1836, ஜூலை 1-ஆம் தேதி அவருடைய 'லா பிரெஸ்' பத்திரிகை வெளிவந்தது. அவருடன் முதலில் கூட்டாக இருந்து பிறகு பிரிந்துபோன ஒருவர் அதே நாளில், அதே விலையில், 'லெ சியெக்ல்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். மலிவுப் பத்திரிகை என்ற யோசனை அவர்களோடு பிறந்ததல்ல. 3 வருஷங்களுக்கு முன்பு, 1833 செப்டம்பரில், நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்னும் அச்சுக்கூடக்காரர் மற்றவர்கள் 6 சென்டுக்கு விற்றதை 1 சென்டுக்கு விற்று 'சன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். ஆனால் பாரிஸில் அதற்கு ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

பழைய பத்திரிகைகள் ஜிரார்தன்மீது பாய்ந்தன. பத்திரிகை என்பது அபிப்பிராயத்தைச் சொல்லும் மேடை. அதைக் கடைத்தெரு ஆக்குகிறான் இந்த மனுஷன் என்றன. எழுத்துச் சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 'லெ நாசியோனால்' பத்திரிகையின் ஆசிரியர் அர்மான் காரெல் அதில் தலையிட்டார். குடியரசுக் கட்சிக்காரர், கை நீளாதவர் என்று எதிரிகளும் மதித்த மனிதர். கொள்கையில் ஆரம்பித்த பேச்சு சொந்த விஷயங்களுக்குத் தாவிற்று. ஜூலை 22-ஆம் தேதி காலையில் இருவரும் வான்சென் காட்டில் சந்தித்தார்கள். இருவரும் சுட்டார்கள். ஜிரார்தனுக்குத் தொடையில் பட்டது. காரெலுக்கு அடிவயிற்றில் பட்டது. இரண்டு நாளைக்குப் பிறகு காரெல் இறந்தார். வயது 36. ஜிரார்தன் பிழைத்தார். அதற்கப்புறம் அவர் துவந்த யுத்தத்தை நாடியதே இல்லை.

இந்தக் கதை மனத்தில் தங்கிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. செத்துப் போனவர் கேட்ட கேள்வியும் சரியானது. பிழைத்தவர் சொன்ன பதிலும் சரியானது. பத்திரிகையின் செலவை வியாபாரி கொடுத்தால், பத்திரிகை யாருக்கு உழைக்கும்? இது கேள்வி. வியாபாரி கொடுக்காவிட்டால், ஏழை எதைப் படிப்பான்? இது பதில். துப்பாக்கி ஒரு மனிதரைத் தீர்த்ததே தவிர வழக்கைத் தீர்க்கவில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சந்தாவைப் பாதியாக்கிய ஜிரார்தனுக்கு வாசகர்களைத் தினந்தோறும் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு தூண்டில் வேண்டியிருந்தது. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் பால்ஸாக்கிடமிருந்து ஒரு நாவல் வாங்கித் துண்டு துண்டாகத் தினமும் போட்டார். பிரெஞ்சுத் தினசரியில் நாவல் தொடர்கதையாக வந்தது அப்படித்தான் ஆரம்பமாயிற்று. 1844-இல் அலெக்ஸாந்தர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' 'லெ சியெக்ல்' பத்திரிகையில் வந்தபோது ஐரோப்பாவே அடுத்த இதழுக்காகக் காத்திருந்தது. அதாவது, தொடர்கதை என்ற எங்கள் குலத் தொழில் விளம்பர வருமானத்தின் மடியில் பிறந்த குழந்தை.

தமிழ் நாட்டிலும் அப்படியேதான். 1928-இல் 'ஆனந்த விகட'னை வாங்கி அதைப் பெரும் பத்திரிகையாக்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பரத் தொழிலிலும் தபால் மூலம் சாமான் விற்பதிலும் பழகியவர். விளம்பரத்தின் பலம் தெரிந்தவர் கையில்தான் கல்கியின் தொடர்கதைகள் வளர்ந்தன.

என் தாயார் வாரப் பத்திரிகையின் கம்பியை நெம்பி, தொடர்கதைப் பக்கங்களை மாத்திரம் தனியே எடுத்து, சணல் கயிறு போட்டுக் கட்டி வைப்பாள். வருஷ முடிவில் அது பைண்டுக்காரரிடம் போய்ப் புத்தகமாக வரும். யோசித்துப் பார்த்தால் அவளும் ஒரு விளம்பரத் தடுப்பான்தான். ஆனால் அவளால் முழுதும் தடுக்க முடியவில்லை. கதாநாயகி மயங்கி விழும் பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் கூந்தல் தைலம் இருக்கும். அதைக் கிழித்தால் கதையும் போய்விடும். அந்தப் பைண்டு புத்தகங்கள் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. கூந்தல் தைலக்காரர் காசு கொடுக்காவிட்டால் அந்தக் கதை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. என் முதல் தொடர்கதை வந்தபோது, ஒரு தீபாவளி வாரம் என் கதாநாயகி இரண்டு பத்தி இழந்தாள். ஒரு புடவைக் கடை இரண்டு பத்தி பெற்றது. நான் கோபித்துக்கொண்டேன். மானேஜர், "சார், அந்த இரண்டு பத்திதான் உங்களுக்குச் சன்மானம் கொடுக்கிறது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படி உப்பைத் தின்று வளர்ந்தவன், தம்பி மகன் போட்டுக் கொடுத்த தடுப்பானை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

விளம்பரத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் ஆசை இணையத்தோடு பிறந்ததல்ல. 1922-இல் நியூயார்க் ரேடியோவில் ஒரு வீட்டு மனைக் கம்பெனி 10 நிமிஷத்துக்கு 50 டாலர் கொடுத்துப் பேசியது முதல் வானொலிக்குள்ளும் வியாபாரம் புகுந்துவிட்டது. பிறகு டெலிவிஷன். அங்கே 'ஜெனித்' என்ற கம்பெனியின் தலைவர் மெக்டொனால்டு என்பவருக்கு டெலிவிஷன் பெட்டிகள் விற்பது தொழில். ஆனால் டெலிவிஷன் விளம்பரம் என்றால் வேப்பங்காய். அவருடைய என்ஜினீயர் யூஜீன் பாலி 1955-இல் துப்பாக்கி உருவத்தில் ஒரு விளக்கு செய்து கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்தபடி அதைப் பெட்டியின் ஒரு மூலையை நோக்கிச் சுட்டால், படம் ஓடும், பேச்சு நின்றுவிடும். உலகத்தின் முதல் கம்பியில்லாத ரிமோட் அதுதான். வெயில் வீட்டுக்குள் அடித்தால் சூரிய பகவானே சானலை மாற்றிவிடுவார் என்பது அதிலுள்ள குறை. விளம்பரத்தின் வாயை அடைக்கும் சாதனம் என்று அதை விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது அதிலுள்ள வேடிக்கை. மெக்டொனால்டு இணையம் வரும் வரைக்கும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

இணையத்திலே விளம்பரம் மிகவும் சாதுவாகத்தான் நுழைந்தது. 1994, அக்டோபர் 27-ஆம் தேதி 'ஹாட்வயர்ட்' என்ற இணையப் பத்திரிகையில், கொடி மாதிரி நீளமாக, ஏ.டி. அண்டு டி. டெலிபோன் கம்பெனியின் விளம்பரம் ஒன்று வந்தது. 'இங்கே அழுத்துவாய்' என்பதுதான் அதன் சாராம்சம். பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அழுத்தினார்கள் என்று அதைத் தயாரித்தவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். புது ஊருக்கு முதல் முதலாக வந்த வளையல்காரனை எல்லோரும் சூழ்ந்துகொண்டதைப் போலத்தான்.

அதே 1994-இல் இன்னொரு காரியமும் நடந்தது. இணையப் பக்கத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு கடையில் ஒரு சாமானைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், நீங்கள் யார் என்று கேட்கும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மொன்டுல்லி என்ற இளைஞர் 'குக்கி' என்ற சின்னச் சீட்டைக் கண்டுபிடித்தார். கடை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகும். மறுபடி நீங்கள் வரும்போது அதைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளும். ஒரு கடையின் சீட்டை இன்னொரு கடை படிக்கக் கூடாது என்பது அவர் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயிரம் பத்திரிகைகளுக்கும் ஒரே தரகன் விளம்பரம் சப்ளை செய்தால்? பத்திரிகைகள்தான் ஆயிரம், சீட்டு வைக்கிற தரகன் ஒருவன். காலையில் வைத்தியம் படித்தவனும் மாலையில் சரித்திரம் படிக்கிறவனும் ஒரே ஆள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. என் முழங்கால் ரகசியம் வெளியான வழி இதுதான்.

இப்போது அது ஏலமாகவே நடக்கிறது. உங்கள் விரல் ஒரு தலைப்பைத் தொட்டதற்கும் பக்கம் கண்ணில் படுவதற்கும் நடுவிலே, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில், 'இன்ன ஊர், இன்ன செல்போன், இன்னதில் ஆசையுள்ள ஆள் வந்திருக்கிறான், என்ன கொடுப்பீர்கள்?' என்று பல பேரிடம் விலை கேட்கப்படுகிறது. அதிகம் கேட்டவனுடைய விளம்பரம் வந்து விழுகிறது. மார்க்கெட்டில் கத்தரிக்காயை ஏலம் போட்டால் வியப்பில்லை. இங்கே ஏலம் போகிறது கத்தரிக்காய் வாங்க வந்தவன்!

இந்தத் தரகில் புரளும் பணம் கொஞ்ச நஞ்சமல்ல. 'டபிள்கிளிக்' என்ற தரகுக் கம்பெனியை 310 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2007-இல் கூகுள் அறிவித்தது. அந்தக் கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் மாணவர்களாக இருந்த 1998-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி, தேடுகிறவனை விட்டு விளம்பரக்காரன் பக்கம் சாய்ந்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். சாட்சாத் அர்மான் காரெலின் கேள்வி! இரண்டு வருஷத்தில், 2000-இல், அவர்களே விளம்பரம் விற்க ஆரம்பித்தார்கள். 2025 ஏப்ரலில், விளம்பரத் தரகுச் சந்தையில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொல்லிற்று.

இந்த வித்தைகளைச் செய்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. படித்துக்கொண்டிருக்கும்போது தனி ஜன்னலாகத் திடீரென்று முளைக்கிற விளம்பரம் உண்டல்லவா? 1990-களில் அதை எழுதிய ஈதன் ஸக்கர்மன், 2014-இல் ஒரு கட்டுரை எழுதி உலகத்தாரிடம் மன்னிப்பே கேட்டுக்கொண்டார். ஒரு மோட்டார் கம்பெனியின் விளம்பரம் ஓர் ஆபாசமான பக்கத்தில் வந்துவிட்டதாம். பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் காட்டினால் அந்த அவமானம் நேராது என்று நினைத்துச் செய்தாராம். நல்லெண்ணத்தோடு போட்ட பாலத்தில் திருட்டுக் கூட்டம் நடந்து போவது உலகத்தில் புதிதல்ல.

இதற்கு மாற்று மருந்தும் இப்படித்தான் விளையாட்டாகப் பிறந்தது. 2002-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்ஸன் என்ற மாணவர், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காமல் 'ஆட்பிளாக்' என்ற சிறு நிரலை எழுதி இலவசமாக விட்டார். பரீட்சைக்குப் பயந்தவர்களால் உலகத்துக்கு எவ்வளவு நன்மை! 2006-இல் விளாதிமிர் பலான்ட் என்பவர் அதைச் செப்பனிட்டு 'ஆட்பிளாக் பிளஸ்' ஆக்கினார். 2014-இல் கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் 'யூபிளாக்' என்ற ஒன்றைச் செய்தார்; அவர் இன்று வரை யாரிடமும் நன்கொடைகூட வாங்குவதில்லை.

இவை வேலை செய்கிற விதம் நாம் நினைப்பது போல் கத்தரிக்கோல் வேலை அல்ல. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் செல்போன் அந்தப் பத்திரிகையோடு மட்டும் பேசுவதில்லை. பக்கத்தில் எழுதியிருக்கிறபடி பல தரகர்களுடைய கம்ப்யூட்டர்களுக்கும் ஆள் அனுப்பி, 'உன் சரக்கைக் கொடு' என்று கேட்கிறது. தடுப்பானிடம் அந்தத் தரகர்களின் விலாச ஜாபிதா ஒன்று இருக்கிறது. தொண்டர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுதி, அன்றாடம் திருத்துகிற ஜாபிதா. அதிலுள்ள விலாசத்துக்குச் செல்போன் ஆள் அனுப்பப் போனால், 'போகாதே' என்று தடுப்பான் நிறுத்திவிடுகிறது. வந்ததைக் கிழிப்பதில்லை, வரச் சொல்லாமலே இருந்துவிடுகிறது.

வரச் சொல்லாதது குற்றமா? ஜெர்மனியின் பெரிய பத்திரிகை நிறுவனமான ஆக்ஸல் ஸ்பிரிங்கர் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிற்று. 2018 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தடுப்பான் சட்டத்துக்கு விரோதமல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த வழக்கிலே தடுப்பான்காரர்களின் சங்கதியும் வெளியில் வந்து அடிபட்டது. 2011 முதல் 'ஆட்பிளாக் பிளஸ்' நிறுவனம், அடக்கமான விளம்பரங்களை மட்டும் உள்ளே விடுவது என்று ஒரு விதி வைத்தது. பெரிய கம்பெனிகள் அதற்குக் கட்டணமும் செலுத்தின. திருடனைத் தடுக்க நிறுத்திய காவற்காரனே வாசலில் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தால் என்ன சொல்வது!

இந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். மார்க்கோ ஆர்மென்ட் என்ற அமெரிக்க நிரலாளர் 2015 செப்டம்பரில் ஐபோனுக்கு 'பீஸ்' என்ற விளம்பரத் தடுப்பானை விற்பனைக்கு விட்டார். விலைக்கு விற்கும் செயலிகளில் அது உடனே முதலிடத்துக்குப் போயிற்று. பணம் மழையாய்ப் பெய்துகொண்டிருந்தது. இரண்டே நாளில் அவர் கடையை மூடிவிட்டார். இது பலருக்கு நன்மை செய்கிறது. ஆனால் அடிபடக் கூடாத சிலரும் இதனால் அடிபடுகிறார்கள். வெற்றி எனக்குச் சந்தோஷம் கொடுக்கவில்லை என்ற கருத்தில் எழுதினார். வாங்கினவர்களுக்குப் பணமும் திரும்பக் கிடைத்தது.

அடிபடுகிறவர்கள் யார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தினசரிகளின் செய்திப் பிரிவுகளில் 2008-இல் ஏறக்குறைய 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020-இல் ஏறக்குறைய 31,000 பேர். இதற்குத் தடுப்பான்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். வரி விளம்பரங்கள் இலவச இணையப் பக்கங்களுக்குப் போயின. பெரிய விளம்பரங்கள் கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போயின. எலும்பு முறிந்த பிறகு விழுந்த கீறல்தான் தடுப்பான். ஆனாலும் கீறல் கீறல்தானே?

மறுபக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2015-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 50 செய்தித் தளங்களைச் செல்போனில் திறந்து, தடுப்பானோடும் தடுப்பான் இல்லாமலும் அளந்து பார்த்தது. வந்து இறங்கிய சரக்கில் பாதிக்கு மேல் விளம்பரம். வாசகன் தன் கைக்காசில் வாங்கின டேட்டாவில் பாதியை விளம்பரத்தைச் சுமந்து வருவதற்கு வண்டிக் கூலியாகக் கொடுத்திருக்கிறான். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அந்தப் பத்திரிகையின் தளத்திலேயே 2009 செப்டம்பரில் விளம்பர வேஷம் போட்டுக்கொண்டு மோசடி நிரல் ஒன்று வந்து வாசகர்களைப் பயமுறுத்திற்று. 2016 மார்ச்சில் மறுபடியும் அதிலும், பி.பி.சி. போன்ற பெரிய தளங்களிலும் அப்படிப்பட்ட விஷ விளம்பரங்கள் புகுந்தன. பத்திரிகைக்காரர்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை. தரகர்கள் மூலமாக நேரே வாசகனிடம் போய்விட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீஸே, மோசடியிலிருந்து தப்பிக்க விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு யோசனை சொல்லிற்று.

இவ்வளவையும் அந்த இரவில் புரட்டிப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஜிரார்தன் வாசகனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம். 'பாதி விலை நீ கொடு; மீதிக்கு விளம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படி' என்பதுதான் அது. என் தாயார் அதை நிறைவேற்றினாள். கூந்தல் தைலம் பக்கத்தின் பின்புறத்திலே அசையாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் எந்தப் பக்கத்தில் அழுதாள், எந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தாள் என்று தைலக்காரருக்குத் தெரியாது. அந்த விளம்பரத்தைப் பத்திராதிபர் தம் கண்ணால் பார்த்து, தம் அச்சுக்கூடத்தில் கோத்து, தம் பெயரின் கீழ் வெளியிட்டார். அதிலே விஷம் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம்.

இன்றைய விளம்பரம் வாசகனைப் பார்க்கிறது. யார் அனுப்பியது என்று பத்திராதிபருக்கே தெரிவதில்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றியது வாசகன் அல்ல. ஆகையால் தடுப்பான் போட்டவனைக் கடன் கொடுக்காமல் ஓடுகிறவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மீதிப் பாதி விலையை அப்புறம் யார் கொடுப்பது? அது மாத்திரம் தீரவில்லை. நான் தடுப்பானைப் போட்டுக்கொண்டதனால் நிருபருக்குச் சம்பளம் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

நான்கைந்து நாளைக்குப் பிறகு, தமிழில் நடக்கும் ஒரு சிறு இணையப் பத்திரிகையைத் திறந்தேன். கட்டுரைக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. நீங்கள் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறீர்கள், விளம்பரந்தான் எங்களுக்கு ஜீவனம், தயவு செய்து எடுத்துவிட்டுப் படியுங்கள் என்று இருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பயிற்சி வகுப்பு, இரண்டு புடவை, அப்புறம் நம்முடைய முழங்கால் தைலம். தடுப்பானை மறுபடி போட்டேன். கீழே சந்தா விவரம் இருந்தது. மாதம் இரண்டு தரம் ஓட்டலில் காப்பி சாப்பிடுகிற காசு. கட்டினேன். ஆசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதினேன்: ஊர்ப் புடவைக் கடைக்காரரிடம் நேரிலே விளம்பரம் வாங்கி, நீங்களே பார்த்து, ஓடாமல் ஆடாமல் ஓரத்திலே போடுங்கள், அதைத் தடுக்காமல் படிக்கிறேன் என்று.

இதனால் பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைக்கவில்லை. என்னால் கட்ட முடிந்தது, கட்டினேன். எங்கள் அடுக்கு வீட்டு வாசலில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காவற்காரர் செல்போனில் பத்திரிகை படிக்கிறார். அவருக்காகத்தான் ஜிரார்தன் விலையைப் பாதியாக்கினார். அவரால் சந்தா கட்ட முடியாது. அவருடைய செல்போனில் தடுப்பானும் இல்லை. என்னைப் போன்றவர்கள் எல்லோரும் காசு கொடுத்து ஒதுங்கிக்கொண்டால், ஏலத்தில் நிற்கப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் தம்பி மகன் ஊருக்குப் புறப்படும்போது அவனைக் கீழே அழைத்துப் போய், அந்தக் காவற்காரர் செல்போனிலும் தடுப்பானைப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். போட்டான். அவர் ஒரு செய்தியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பேப்பர் காலியாயிருக்கு?" என்றார்.

"காலியில்லை ஐயா, செய்தி மட்டும் இருக்கு" என்றேன்.

அவர் சந்தேகத்தோடு இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். அவர் பங்குக்கு உரிய மீதிப் பாதியை யார் கட்டுவது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திராது.